பத்து நாளில் மூன்று நாடு வேண்டாம், ஐயா

எருசலேம் பயணம் அழைத்துச் செல்லும் சேகர குருவானவர்கள், பாஸ்டர்கள், பங்குத்தந்தையர், அவர்களுக்காகக் குழு சேர்த்துத் தரும் சகோதரர்கள் எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம்.

பயண நோட்டீஸ் இந்த முறையும் ஆலய வாசலில் கைக்கு வந்தது. ஒரு பக்கம் ஒலிவ மலையிலிருந்து எடுத்த நகரத்தின் படம், நடுவே பளபளக்கும் பொன் குவிமாடம். (அது முஸ்லிம்களின் புனிதத் தலம் என்பதை அச்சடித்தவரும் கவனிக்கவில்லை, கொடுத்தவரும் கவனிக்கவில்லை. போகட்டும்.) மறுபக்கம் உங்கள் சிரித்த முகம். கீழே கொட்டை எழுத்தில் எகிப்து, இஸ்ரேல், யோர்தான், பத்தே நாளில். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில் இடங்களின் பட்டியல்.

அப்படி ஒரு நோட்டீஸை நம்பித்தான் நானும் போய் வந்தேன். போனதில் வருத்தம் இல்லை. வேதத்தில் வாசித்த ஊர்ப் பெயர்கள் சாலைப் பலகையில் அம்புக்குறியோடு நிற்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இடங்களைக் குறையுங்கள். இருக்கிற இடத்தில் எங்களைக் கொஞ்ச நேரம் உட்கார விடுங்கள்.

அந்தப் பொடி எழுத்துப் பட்டியல் நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கெய்ரோவில் இறங்கிய கையோடு பிரமிடு. பழைய கெய்ரோவில் திருக்குடும்பம் தங்கியதாக மரபு சொல்லும் அபு செர்கா ஆலயம். மறுநாள் விடியுமுன் பஸ் ஏறி, சூயஸ் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கப் பாதை வழியாகச் சீனாய் பாலைவனத்துக்குள் நுழைந்து, 400 கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தே போகிறோம். ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததும் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ கதவைத் தட்டுகிறார்கள். மோசே கற்பனைகளைப் பெற்றதாக மரபு சொல்லும் சீனாய் மலை, 2,285 மீட்டர் உயரம். பாதி தூரம் ஒட்டகத்தில் போகலாம், ஆனால் கடைசி 750 படிகளைக் காலால்தான் ஏற வேண்டும். சூரிய உதயம் பார்த்து இறங்கி, கத்தரீனா மடத்தை அரைத் தூக்கத்தில் சுற்றி, அன்றைக்கே இஸ்ரேலுக்குள் நுழையும் தாபா எல்லைக்கு ஓட்டம். அங்கே பெட்டியைத் திறந்து மூடி, கேள்விக்குப் பதில் சொல்லி, அந்தப் பக்கம் போய் இன்னொரு பஸ் ஏறினால் எருசலேம் இன்னும் 300 கிலோமீட்டர். பயணத்தின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆண்டவர் பிரசங்கித்த ஊர் ஒன்றைக்கூட இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

யோர்தான் பக்கமும் அதே கதைதான். நேபோ மலை சரி, மோசே பார்த்த தேசத்தை நாமும் பார்க்கலாம், வழியிலேயே இருக்கிறது. பெட்ரா எதற்கு? நபத்தேயர் என்ற பழங்கால அரபு மக்கள் பாறையில் குடைந்த அழகான நகரம்தான். வாசலில் இருந்து மலையிடுக்கு வழியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் அந்தப் புகழ்பெற்ற முகப்பு கண்ணில் படும், திரும்பி வர அதே தூரம் மேட்டில் ஏற வேண்டும். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சுற்றுலாவாக இன்னொரு சமயம் போகட்டும். எங்கள் குழு அங்கே வெயிலில் நடந்துகொண்டிருந்த நாள் ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆராதனையைப் பஸ்ஸில் மைக் பிடித்து முடித்துக்கொண்டோம்.

இப்படி ஓட்டுவதற்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று நாடு என்று போட்டால்தான் நோட்டீஸ் எடுபடும். பக்கத்துச் சேகரத்தில் மூன்று நாடு காட்டும்போது நீங்கள் ஒரு நாடு காட்டினால் ஆள் சேராது என்று ஏஜென்ட் சொல்கிறார். இத்தனை பேர் சேர்த்தால் அழைத்துப் போகிறவருக்கு ஒரு இருக்கை இலவசம் என்ற ஏற்பாடும் இந்தத் தொழிலில் புதிது இல்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, உழைக்கிறவர் காசு கொடுத்தா வர வேண்டும்? அதைச் சபையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் முணுமுணுப்பும் நின்றுவிடும். அப்புறம் கடைகள். பெத்லகேமில் ஒலிவ மரச் சிற்பக் கடை, எரிகோவில் பேரீச்சம்பழமும் சவக்கடல் சேற்றுக் கிரீமும். "அரை மணி நேரம்தான்" என்று இறக்கிவிடுகிறார்கள், அது எப்போதும் அரை மணியில் முடிந்ததில்லை. இயேசு பிறந்த இடமாகக் காட்டப்படும் குகைக்குள் நாங்கள் நின்ற நேரத்தைவிட, அந்தக் குகையின் மாதிரியை மரத்தில் செதுக்கி விற்கும் கடையில் நின்ற நேரம் பல மடங்கு அதிகம்.

ஆண்டவர் பிடிபடுவதற்கு முன் ஜெபித்த தோட்டமான கெத்செமனேயில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் குழு, யார் தலைமை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்களுக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். முறுக்கிப் பிழிந்தது போலக் கிடக்கும் அந்தப் பழைய ஒலிவ மரங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், நாம் சுற்றி நடந்து பார்க்கலாம். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் பையிலிருந்து வெளியே வந்தது பிளெக்ஸ் பேனர். தலைவர் படம், துணைவியார் படம், பயணத்தின் பெயர், ஒரு வசனம். நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்தார்கள். உயரமானவர்கள் பின்னால், அக்காமார் முன்னால். ஒரு தாத்தா கண்ணை மூடிவிட்டார், மறுபடி. ஒருவர் முகத்தைப் பேனர் மறைத்துவிட்டது, மறுபடி. பக்கத்தில் போலந்திலிருந்தோ எங்கிருந்தோ வந்த ஒரு குழு, பத்துப் பதினைந்து பேர், வேலிக்கு அருகே மண்டியிட்டு இருந்தார்கள். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்டோ முடிந்ததும் அடுத்ததாகப் பேஸ்புக் லைவ். கைடு கையில் இருந்த குடையை உயர்த்திவிட்டார்.

தோட்டத்தை ஒட்டியே சகல தேசத்தார் ஆலயம் இருக்கிறது. 1924-ல் கட்டி முடித்தது. உள்ளே எப்போதும் இரவு போல இருக்க வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்கு ஊதா நிற அலபாஸ்டர் கல் போட்டிருக்கிறார்கள். பலிபீடத்துக்கு முன்னால் வெறும் பாறை, அதில் விழுந்துதான் ஆண்டவர் ஜெபித்தார் என்பது மரபு. இதையெல்லாம் நான் ஊருக்கு வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே போய் வெளியே வந்தபோது கண் இருட்டுக்குப் பழகக்கூட இல்லை. "ஒரு மணி நேரமாவது நீங்கள் விழித்திருக்கக் கூடாதா" என்ற பொருளில் ஆண்டவர் சீஷர்களைக் கேட்ட இடம் அது. ஒரு மணி நேரம் எங்களுக்கு அட்டவணையில் இல்லை. இத்தனைக்கும் பிரான்சிஸ்கன் சபையாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் குழுவாக அமர்ந்து ஜெபிக்க வழி செய்து தருகிறார்கள். யாராவது ஒருவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

கலிலேயாக் கடலிலும் இதே ஓட்டம்தான். கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரி, நீளம் 21 கிலோமீட்டர், அதிக அகலம் 13. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, சுற்றிலும் மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான நீர்ப்பரப்பு, அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் அலை எழும்பும். இதை அந்த இடத்தில் நின்று இரண்டு நிமிடம் விளக்கினால் படகில் சீஷர்கள் அலறிய கதை எங்கள் கிழவிகளுக்கும் புதிதாகப் புரியும். எங்களுக்கோ படகில் ஏறியதும் தேசியக் கொடி ஏற்றம், தேசிய கீதம், அப்புறம் ஒலிபெருக்கியில் பாட்டு, கைதட்டல், ஆட்டம். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் படகுக்காரரிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். யாரும் கேட்கவில்லை.

1986-ல் வறட்சியில் ஏரி உள்வாங்கியபோது, கின்னேசரேத்துக் கரையில் சேற்றுக்குள் புதைந்து கிடந்த ஒரு மீன்பிடிப் படகு அகப்பட்டது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. 8 மீட்டர் சொச்சம் நீளம். அதைக் காப்பாற்றி அங்கேயே ஓர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அது பேதுருவின் படகு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பேதுரு ஓட்டியது இந்த அளவில், இந்த மாதிரிப் பலகையில்தான் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். கடலோர ஊர்களிலிருந்து வந்த மீனவ சகோதரர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். அவர்களை அந்தப் படகின் முன் ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தால் எங்களுக்கு அவர்கள் பாடம் எடுத்திருப்பார்கள். நாங்கள் அந்த நேரத்தில் 'பேதுரு மீன்' சாப்பிட வரிசையில் நின்றோம். அது நம் ஊர் ஜிலேபி கெண்டையின் இனத்தைச் சேர்ந்ததுதான் என்று தட்டைப் பார்த்ததும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். மரியாதைக்காக முழுசையும் சாப்பிட்டார்கள்.

தப்கா என்ற இடத்தில், உயிர்த்த ஆண்டவர் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டதாக மரபு சொல்லும் கரையில் ஒரு சின்னக் கறுப்புக் கல் ஆலயம் இருக்கிறது. தண்ணீர் அதன் காலடிக்கே வருகிறது. அங்கிருந்து கப்பர்நகூமுக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர்தான், கரையை ஒட்டி நடைபாதையே போட்டு வைத்திருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காலில் கொப்புளம் வெடிக்க நடந்து போகிற ஜனங்கள் நாம். அந்த மூன்று கிலோமீட்டரை நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும், முடியாதவர்கள் பஸ்ஸில் வரட்டும் என்று விட்டால் என்ன நட்டம்? கப்பர்நகூமில் யூதர்களின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஜெப ஆலயத்தின் அடியில் தெரியும் கறுப்புக் கல் அடித்தளத்தையும், கொஞ்சம் தள்ளிப் பேதுருவின் வீடு என்று மிகப் பழங்காலத்திலேயே கிறிஸ்தவர்கள் கொண்டாடிய இடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் சுமார் முப்பது மீட்டர்தான். மாற்கு முதல் அதிகாரத்தில் ஜெப ஆலயத்தை விட்டுப் புறப்பட்டு உடனே சீமோன் வீட்டுக்குப் போனார்கள் என்று வருகிறதே, அந்த 'உடனே' அங்கே நின்றால்தான் தெரிகிறது.

ஓட்டத்தில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. உங்களில் சிலருக்கு இது கசக்கும். விளக்க நேரம் இல்லாததால் எல்லாவற்றையும் "இதோ, இதுதான் அந்த இடம்" என்று சொல்லிவிடுகிறீர்கள். இதுதான் சகேயு ஏறிய மரம். இதுதான் கடைசி இராப்போஜனம் நடந்த மேல்வீட்டறை. இதே தெருவில்தான் சிலுவை சுமந்தார். மேல்வீட்டறை என்று காட்டுகிற கட்டடம் சிலுவைப் போர்க் காலத்துப் பாணியில் கட்டியது. சிலுவைப் பாதை இப்போது போகும் வழி பல நூற்றாண்டுகளில் மாறி மாறி அமைந்தது, முதல் நூற்றாண்டுத் தெரு இன்றைய தெருவுக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. கானாவூர் என்று உரிமை கொண்டாடும் இடம் ஒன்றுக்கு மேல் உண்டு. இதைச் சொன்னால் விசுவாசம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்களா? "இந்த இடத்தைப் பல நூறு வருஷமாக ஜனங்கள் ஜெபித்து நினைவுகூர்ந்து வருகிறார்கள்" என்று சொல்லுங்கள். போதும். நாங்கள் குழந்தைகள் இல்லை.

சீர்திருத்த சபைப் பாஸ்டர்கள் தோட்டக் கல்லறைக்கு அழைத்துப் போய், "அங்கே கல்லறை ஆலயத்தில் கூட்டமும் மெழுகுவர்த்தியுமாக இருக்கிறதே, அது இல்லை, உண்மையான கல்லறை இதுதான்" என்று அடித்துச் சொல்வதையும் கேட்டேன். தமஸ்கு வாசலுக்கு வெளியே உள்ள அந்தத் தோட்டத்தை 1883-ல் ஜெனரல் கார்டன் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் கொல்கொதா இதுவே என்று வாதாடி பிரபலமாக்கினார். அமைதியான, அழகான இடம். திருவிருந்து எடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அந்தக் கல்லறை ஆண்டவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தையது என்பதுதான் அகழாய்வாளர்கள் பலரின் முடிவு. மரபின் பழமையைப் பார்த்தாலும், கிடைத்த சான்றைப் பார்த்தாலும், நான்காம் நூற்றாண்டிலேயே ஆலயம் எழும்பிய கல்லறை ஆலயத்துக்குத்தான் பலம் அதிகம். தோட்டத்தில் விளக்கம் சொல்லும் தொண்டர்களே அடித்துப் பேசுவதில்லை, கல்லறை காலியாக இருப்பதுதான் முக்கியம் என்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் அடக்கம் நமக்கும் இருக்கலாம்.

கல்லறை ஆலயத்தைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. கிரேக்கர், லத்தீன் சபையார், அர்மேனியர், கோப்தியர், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு சபைகள் ஒரே கூரையின் கீழ், யார் எந்தத் தூணைப் பெருக்குவது என்பது வரைக்கும் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. வாசல் சாவி பல நூறு ஆண்டுகளாக முஸ்லிம் குடும்பத்தாரிடம் இருக்கிறது. முகப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன மர ஏணி, யார் எடுப்பது என்று ஒத்துக்கொள்ள முடியாததால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிற்கிறது. நம் ஊர் சபைச் சண்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இது ஒரு ஆறுதல். நாங்கள் அங்கே போன நேரம் காலை பதினோரு மணி. உச்சக் கூட்டம். கல்லறைக்குள் போகும் வரிசை ஆலயத்தையே சுற்றி வளைத்திருந்தது. எங்களுக்கு இருந்த நேரத்தில் பாதிப் பேர்தான் உள்ளே போனார்கள், அவர்களையும் ஒரு துறவி அரை நிமிடத்தில் கையசைத்து வெளியே அனுப்பினார். மீதிப் பேர் அபிஷேகக் கல்லைத் தொட்டுக் கைக்குட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினோம். இத்தனை தூரம் வந்து கல்லறைக்குள் எட்டிப் பார்க்காமல் திரும்பிய ஒரு அக்கா ஊர் வந்து சேரும் வரைக்கும் பேசவே இல்லை.

அந்த ஆலயம் விடியுமுன்னே திறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் போனால் வரிசை கிடையாது. பெண்கள் இருட்டோடு கல்லறைக்குப் போனார்கள் என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பிரசங்கம் செய்கிற நீங்கள் எங்களைப் பதினோரு மணிக்கு அழைத்துப் போவது ஏன்? பெரும்பாலும் காரணம் இதுதான்: ஹோட்டல் பெத்லகேமில் இருக்கிறது. அங்கே வாடகை குறைவு, காலையில் சோதனைச் சாவடியைத் தாண்டி வர வேண்டும். பெத்லகேமில் தங்குவதை நான் குறை சொல்லவில்லை, அங்குள்ளவர்கள் பிழைப்பே யாத்ரிகரை நம்பித்தான். இரண்டு ராத்திரியாவது எருசலேமின் பழைய நகரத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்க வையுங்கள் என்கிறேன். விடிகாலையில் கல்லறை, சாயங்காலம் பழைய யூத தேவாலயத்தின் தெற்குப் படிகள். அந்தப் படிகளை எத்தனை தமிழ்க் குழுக்கள் பார்த்திருக்கின்றன? ஏரோதின் காலத்துத் தேவாலயத்துக்கு ஜனங்கள் ஏறிப்போன படி, இடையிடையே பழைய கல் அப்படியே இருக்கிறது. மரபு, நம்பிக்கை என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், ஆண்டவர் கால் பட்டிருக்க நல்ல வாய்ப்புள்ள கல் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய வெகு சில இடங்களில் அது ஒன்று. தேவாலயத்துக்கு ஏறிப்போகும்போது பாடிய ஆரோகண சங்கீதங்களை அங்கே உட்கார்ந்து வாசித்தால் போதும், பிரசங்கம்கூட வேண்டாம்.

பெத்லகேமில் தங்கினோம் என்றேனே, ஆனால் பெத்லகேமைப் பார்த்தோமா? இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாடு, காலை ஆறு மணிக்குப் பெட்டி வெளியே. நாலடி உயரத் தாழ்வான கதவில் குனிந்து பிறப்பு ஆலயத்துக்குள் நுழைந்தோம், பதினான்கு முனை வெள்ளி நட்சத்திரத்தைத் தொட்டோம், வந்துவிட்டோம். அந்த ஊரில் பரம்பரை பரம்பரையாக வாழும் அரபுக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை, வேலையும் நடமாட்டமும் முடங்கிப் பலர் வெளிநாடு போய்விட்டதால் இன்றைக்குச் சிறுபான்மை. எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் அரபி பேசினார் என்பதாலேயே அவர் முஸ்லிம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பேட் சகூர் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர் என்பது கடைசி நாள் டிப்ஸ் கொடுக்கும்போதுதான் தெரிந்தது. மேய்ப்பர்களின் வயல் இருக்கும் ஊர் அது! மேய்ப்பர் வயலில் நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் வெளியே பஸ்ஸில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தார்.

பல இடங்களில் எட்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கான்கிரீட் சுவரைத் தாண்டித்தான் பெத்லகேமுக்குள் போகிறோம். பஸ்ஸில் எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபம் நடக்கும் நேரமாகப் பார்த்து அந்தச் சுவர் ஜன்னலில் வந்து போகிறது, அது என்ன என்று யாரும் வாய் திறப்பதில்லை. அரசியல் பேசுங்கள் என்று கேட்கவில்லை. சுவரைச் சுவர் என்றாவது சொல்லுங்கள்.

உள்ளூர்ச் சபையோடு ஒரு ஞாயிறு ஆராதனை வையுங்கள். இது கஷ்டமான காரியமே இல்லை. தென்னிந்தியத் திருச்சபை உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஒரு அங்கம். எருசலேமில் புனித ஜார்ஜ் பேராலயம் அந்த ஐக்கியத்தின் ஆலயம்தான், அங்கே அரபியிலும் ஆராதனை உண்டு. லுத்தரன் சபையாருக்குப் பழைய நகரத்தில் மீட்பர் ஆலயம், பெத்லகேமில் கிறிஸ்துமஸ் ஆலயம். கத்தோலிக்கருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும், புனிதத் தலங்களிலேயே திருப்பலிக்கு முன்பதிவு செய்யலாம். மொழி புரியாதே என்பார்கள். திருவிருந்தில் வரிசையில் நிற்க மொழி எதற்கு? ஒலிவ மலையில் கர்த்தருடைய ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழ்ப் பலகையைக் கண்டதும் எங்கள் ஆட்கள் போட்டோவுக்கு முண்டியடித்தார்கள். பெத்லகேம் சபையில் அதே ஜெபத்தை அவர்கள் அரபியிலும் நாம் தமிழிலும் ஒரே நேரத்தில் சொல்லலாம்.

நாசரேத்தில் ஒரு காட்சி. எங்கள் குழுவில் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். மாதுளம்பழம் பிழிந்து விற்கும் கடைக்காரரிடம், "நாங்களும் நாசரேத்துதான்" என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெளியே வந்து இருவரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். காசு வாங்கவில்லை. மாடியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார், இந்தியாவிலும் ஒரு நாசரேத்து இருக்கிறதாம் என்று சொல்லியிருப்பார் போல, அந்த அம்மா கையில் ஒரு தட்டோடு இறங்கி வந்தாள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. கானாவூரில் திருமண உறுதிமொழியைப் புதுப்பிக்க நேரம் குறித்திருந்ததாம்.

தனியே விட்டால் யாராவது நழுவிவிடுவார்கள், ஏஜென்ட் தலையில் பழி விழும், அதனால்தான் கட்டிக்கொண்டு சுற்றுகிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். யாத்திரை விசாவில் போய் வேலைக்கு மாறிவிட்டவர்கள் உண்டு, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் மூட்டு வலி மாத்திரையை இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் எழுபது வயது அம்மா எருசலேமில் எந்த வேலைக்கு ஓடப் போகிறாள்?

அவர்களைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு வருகிறவர்களில் பலர் ஓய்வுபெற்ற டீச்சர்கள், நர்சுகள், சீட்டுப் பணத்தைச் சேர்த்து வந்த விதவைகள். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய எருசலேம் பயண உதவியும் இருக்கிறது. முதலில் ஆளுக்கு 20,000 ரூபாய், பிறகு 37,000, அருட்சகோதரிகளுக்கு 60,000 என்று உயர்த்தினார்கள். அது செலவில் ஒரு பங்குதான், மீதி அவர்கள் கைக்காசு. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. ஒலிவ மலையிலிருந்து கெத்செமனேக்கு இறங்கும் பாதை செங்குத்து, கொல்கொதாவுக்கு ஏறும் படி உயரம் அதிகம், பழைய நகரத்துத் தெருக்கற்கள் வழுக்கும். இதை நோட்டீஸிலேயே எழுதுங்கள். புறப்படுவதற்கு முன்னால் மாதாந்திரக் கூட்டத்தில் நடந்து பழகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கழிவறை உண்டு, எந்த இடத்தில் கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள்.

யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பற்றி ஒரு வார்த்தை. கலிலேயா ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் இடத்தில் உள்ள யார்தெனித் வசதியான இடம், 1981-ல் ஒரு கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) திறந்தது. யோவான் ஸ்நானம் கொடுத்ததாக மரபு சொல்வது தெற்கே எரிகோவுக்குப் பக்கத்தில், ஆறு ஒடுங்கிக் கலங்கி ஓடும் இடம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தெற்கே போவோம். நம் சபை ஒழுங்கில் இரண்டாம் ஞானஸ்நானம் கிடையாது என்று தெரிந்தும் வெள்ளை அங்கி மாட்டி மூழ்க வைத்துச் சான்றிதழ் கொடுப்பது குருவானவர்களுக்கு அழகா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

என் யோசனை இதுதான். எகிப்தையும் பெட்ராவையும் எடுத்துவிடுங்கள். அம்மானில் இறங்கி நேபோவைப் பார்த்து எல்லை தாண்டுங்கள். கலிலேயாவில் மூன்று இரவு, பெத்லகேமில் இரண்டு, எருசலேமில் மூன்று. ஒவ்வொரு நாளும் மதியத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் அட்டவணை இல்லாமல் விடுங்கள். எகிப்து விசா, எல்லைக் கட்டணம், பாலைவனத்து ஹோட்டல் எல்லாம் மிச்சமாகும், அதில் எருசலேம் வாடகை கொஞ்சமாவது ஈடாகும். பேனரை ஒரே ஒரு இடத்தில் விரித்துக்கொள்ளலாம், ஏர்போர்ட்டில்.

ஆள் சேராது என்ற பயம் இருந்தால் ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள். ஏற்கெனவே மூன்று நாடு போய் வந்தவர்களிடமே முதலில் கேளுங்கள், மறுபடி வர எத்தனை பேர் தயார் என்று. எங்கள் தெருவிலேயே சிலர் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக, பணம். 2023 அக்டோபரில் போர் மூண்டதும் யாத்திரைகள் அப்படியே நின்றன. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பெத்லகேமில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஊர்க்காரர்கள் விட்டுவிட்டு, ஆராதனையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கம் எப்போது என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முன்பணம் வாங்கும்போதே, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும், விமானக் கட்டணம் யார் தலையில் விழும், காப்பீடு போரைச் சேர்க்குமா சேர்க்காதா என்பதை எழுத்தில், தமிழில், ஏஜென்ட் கையெழுத்தோடு கொடுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற பதிலை ரசீதாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்த நோட்டீஸை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், போய் வந்தவர்களில் நான்கு பேரை, அதில் இரண்டு பேராவது பெண்களாக, கூப்பிட்டு வைத்து அட்டவணையைக் காட்டுங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தினர்,
ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை